பி.எச்டி.க்குப் பதியும் முன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று உங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. எம்.ஏ.வோ எம்.எஸ்சி.யோ முடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. நடுவில் கல்யாணம், ஒரு பிள்ளை, தனியார் கல்லூரியில் வேலை, மாதம் பிறந்தால் வீட்டுக் கடன் தவணை. விண்ணப்பப் படிவத்தை இறக்கி வைத்து மூன்று வாரம் ஆகிறது. நிரப்பக் கை வரவில்லை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு முடியுமா என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

முடியும். பிள்ளை வளர்த்துக்கொண்டு, வேலையும் பார்த்துக்கொண்டு பட்டம் வாங்கியவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். நடுவழியில் நின்றுபோனவர்களும் இருப்பார்கள். நின்றவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். நேரத்தை எண்ணிப் பார்க்கவில்லை, பணத்தை ஒதுக்கவில்லை, வாய்வார்த்தையை நம்பி எழுத்தில் எதையும் வாங்கவில்லை என்ற மூன்றில் ஒன்று வரும். மூன்றையுமே பதிவுக்கு முன்னால் சரிசெய்துகொள்ளலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இந்தப் பட்டம் எதற்கு?

கலை, அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆவது மட்டும்தான் நோக்கம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். 2023 ஜூலை 1 முதல் அந்தப் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு (நாடு முழுக்க உயர்கல்விக்கு விதி வகுக்கும் அமைப்பு, பேச்சில் யு.ஜி.சி.) அறிவித்திருக்கிறது. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சிதான் குறைந்தபட்சத் தகுதி. ஐந்தாறு ஆண்டு உழைப்பையும் ஒரு தேர்வுக்கான ஓராண்டுப் படிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் முனைவர் பட்டம் வீணா? வீணில்லை. இணைப் பேராசிரியராக உயர அது வேண்டும். ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலைக்கு அது வேண்டும். ஒரு கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது என்றால் அதுவும் போதுமான காரணம்தான். எந்தக் காரணம் என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். நான்காம் ஆண்டில் சோர்வு வரும்போது அந்த வரி உதவும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு பி.எச்டி.க்கு முன்னால் எம்.ஃபில். என்றொரு படிக்கட்டு இருந்தது. யு.ஜி.சி.யின் 2022 பி.எச்டி. விதிகளுக்குப் பிறகு அது கிடையாது. பாதியில் நிறுத்தினால் கையில் சின்னச் சான்றிதழ்கூட மிஞ்சாது. அதனால்தான் சேருமுன் இவ்வளவு யோசனை.

முழுநேரமா, பகுதிநேரமா?

முழுநேரம் என்றால் வேறு சம்பளம் வாங்கக் கூடாது. உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பு உண்டு. பகுதிநேரம் என்றால் வேலையும் சம்பளமும் தொடரும். உதவித்தொகை அநேகமாகக் கிடைக்காது.

பகுதிநேரப் பட்டத்துக்கு மதிப்புக் குறைவு என்று யாராவது சொல்வார்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. இரண்டு வகைக்கும் தேர்வும் மதிப்பீடும் ஒன்றுதான். அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ பி.எச்டி. நடத்தத்தான் அனுமதி இல்லை. "வீட்டிலிருந்தே ஆன்லைன் பி.எச்டி." என்று விளம்பரம் கண்டால் பக்கத்தைத் திருப்புங்கள்.

பகுதிநேரத்தில் சேரத் தடையின்மைச் சான்று (உங்கள் படிப்புக்கு மறுப்பில்லை என்று வேலை கொடுப்பவர் தரும் கடிதம், பேச்சில் என்.ஓ.சி.) வேண்டும். அதில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஒன்று, பகுதிநேரமாகப் படிக்க அனுமதி. இரண்டு, ஆய்வுக்கு நேரம் ஒதுக்க உங்கள் பணி இடம்கொடுக்கும் என்ற உறுதி. மூன்று, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் (ஆய்வின் தொடக்கத்தில் படித்துத் தேர்வு எழுத வேண்டிய பாடங்கள்) முடிக்க உங்களைப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற உறுதி.

பெரும்பாலானோர் இந்தக் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். முதல்வர் மாறலாம், நிர்வாகம் மாறலாம். "உங்களை யார் படிக்கச் சொன்னது?" என்று புதிதாக வந்தவர் கேட்கும் நாளில் அந்த நகல்தான் பேசும்.

எத்தனை ஆண்டு கிடைக்கும்?

குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. சேர்ந்த நாளிலிருந்து கணக்கு. ஆறில் முடியாவிட்டால் மறுபதிவு (காலம் தீர்ந்த பின் பதிவைப் புதுப்பிப்பது) செய்து இன்னும் இரண்டு ஆண்டு வரை பெறலாம். மொத்தம் எட்டு.

பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு தரலாம். மொத்தம் பத்து. இவை யு.ஜி.சி. போட்ட எல்லைகள். இவற்றுக்குள் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென விதி வைத்திருக்கும். பகுதிநேரத்துக்குக் குறைந்தபட்சக் காலம் கூடுதலாகவும் இருக்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் பி.எச்டி. விதிமுறைக் கோப்பை இறக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

பத்து ஆண்டு இருக்கிறதே என்று நிம்மதி வருகிறதா? அதை மழைக்கால அரிசி மாதிரி மூட்டை கட்டி வையுங்கள். திட்டத்தை ஐந்து ஆண்டுக்கே போடுங்கள். நீட்டிப்புக்குக் கட்டணமும் விண்ணப்பமும் அலைச்சலும் உண்டு.

குழந்தை பிறந்தால் என்ன ஆகும்?

ஆய்வுக் காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை மகப்பேற்று விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ பெண்களுக்கு வழங்கலாம் என்று விதி சொல்கிறது. ஏறக்குறைய எட்டு மாதம். பிள்ளை முன்னமே பிறந்திருந்தாலும் பராமரிப்பு விடுப்பு என்ற கணக்கில் இதைக் கேட்கலாம்.

"வழங்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தானாக வராது. நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். நெறியாளர் (கைடு) கையெழுத்திட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஆணை வர வேண்டும். என்னோடு பி.எச்டி.க்குப் பதிந்த தோழி ஒருத்தி பிரசவத்துக்குப் போனபோது நெறியாளரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனாள். அவரும் நல்ல மனிதர், "உடம்பைப் பாரும்மா" என்று அனுப்பினார். தாளில் எதுவும் ஏறவில்லை. அந்த எட்டு மாதமும் அவள் வேலை செய்யாத காலமாகவே கோப்பில் நின்றது.

கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு இடத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் எடுக்கும் விடுப்பு வேறு, ஆய்வுப் பதிவில் எடுக்கும் விடுப்பு வேறு. தமிழ்நாடு அரசுப் பணியில் உள்ள, இரண்டுக்குக் குறைவான பிள்ளைகள் உடைய பெண்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேற்று விடுப்பு 12 மாதம். அதை வாங்கிவிட்டதால் பல்கலைக்கழகப் பதிவு தானாக நின்றுவிடாது. அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்பாக்களுக்கு? யு.ஜி.சி. விதியில் ஆண் ஆய்வாளருக்கு இப்படி ஒரு விடுப்பு கிடையாது. வேலையிடத்து விடுப்பை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பிள்ளை முதலிலா, பட்டம் முதலிலா?

இதற்கு யாரும் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆய்வின் எந்தக் கட்டம் வளைந்துகொடுக்கும் என்று மட்டும் சொல்லலாம். புத்தகம் படிப்பது, முன் ஆய்வுகளைத் தொகுப்பது, எழுதிய இயலைத் திருத்துவது எல்லாம் வளைந்துகொடுக்கும். மடியில் பிள்ளை தூங்கும்போதும் கொஞ்சம் நடக்கும். களப்பணி, சோதனைச்சாலை வேலை, ஆய்வேடு சமர்ப்பிக்கும் கடைசி மூன்று மாதம் ஆகியவை வளையாது.

வேதியியல், உயிரியல் சோதனைச்சாலையில் இருப்பவர்கள் ஒன்றைத் தள்ளிப்போடக் கூடாது. கருத்தரித்தது தெரிந்ததும் மருத்துவரிடமும் நெறியாளரிடமும் சொல்லுங்கள். ஃபார்மலின் போன்ற ரசாயனங்களோடும் கதிர்வீச்சோடும் செய்யும் வேலையை அந்த மாதங்களில் வேறொருவருக்கு மாற்ற வேண்டியிருக்கும். மூன்று மாதம் போகட்டும் என்று வெளியில் சொல்லாமல் இருப்பது நம் வீட்டு வழக்கம். ஆனால் ஆபத்து அதிகம் உள்ள மாதங்களும் அவையே.

ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்களுடையது?

இப்போது ஒரு தாளை எடுங்கள். வேலை, பேருந்துப் பயணம், சமையல், பிள்ளைக்குப் பாடம், தூக்கம் எல்லாம் போக மிஞ்சுவதை எழுதுங்கள். ஆசைப்படும் மணி நேரத்தை எழுதாதீர்கள். போன வாரம் உண்மையில் கையில் கிடைத்ததை எழுதுங்கள். பலருக்கும் வாரம் 10 மணி நேரம் வந்தாலே அதிகம்.

பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி, பொங்கல், காய்ச்சல், கோவில் கொடை, ஊரில் ஒரு கல்யாணம் என்று நாலு வாரம் கழித்தால் ஆண்டுக்கு 48 வாரம், 480 மணி நேரம். ஐந்து ஆண்டில் 2,400. முழுநேர ஆய்வாளர் வாரம் 35 மணி நேரம் உழைத்தால் ஓராண்டில் 1,680 ஆகிறது. அதாவது உங்கள் ஐந்து ஆண்டு, அவருடைய ஒன்றரை ஆண்டைக்கூட எட்டவில்லை.

பயமுறுத்தச் சொல்லவில்லை. மூன்று ஆண்டு முழுநேரமாகச் செய்யும் தலைப்பை எடுத்துக்கொண்டு அதை ஐந்து ஆண்டு ஓய்வு நேரத்தில் முடிக்கப் பார்த்தால் மூச்சு முட்டும். கையில் இருக்கும் 2,400 மணி நேரத்துக்குத் தக்கபடி தலைப்பை வெட்டிக்கொள்ளுங்கள். துணியைப் பார்த்துத்தானே சட்டை வெட்டுவோம்?

தலைப்பை எப்படி வெட்டுவது?

தரவு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் திருநெல்வேலியில் இருக்கிறீர்கள், தலைப்புக்கு வேண்டிய ஆவணமெல்லாம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு பயணமும் இரண்டு இரவு, ரயில் கட்டணம், தங்கும் செலவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அப்படி இருபது முறை போக முடியுமா?

முடியாதென்றால் தரவு உங்கள் பக்கம் வரும் தலைப்பாகத் தேடுங்கள். நீங்கள் பாடம் நடத்தும் வகுப்பறையே களமாகலாம். உங்கள் வட்டாரத்து நெசவு, சந்தை, பேச்சுவழக்கு, குளத்து நீர், எதுவும் தலைப்பாகலாம்.

வீட்டிலிருந்தே படிக்கக் கிடைப்பதும் நிறைய. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசம். பழைய தமிழ் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. 2025 ஜனவரி முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களில் படிப்பவர்கள் ஆயிரக்கணக்கான பன்னாட்டு ஆய்விதழ்களைக் காசில்லாமல் படிக்கலாம். நீங்கள் பதியும் நிறுவனம் இதில் சேர்ந்ததா என்று நூலகரிடம் கேளுங்கள். ஒரு கட்டுரைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கொடுப்பது மிச்சமாகும்.

நெறியாளரிடம் என்ன கேட்பது?

பாட அறிவைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள். பிள்ளை வைத்திருப்பவர்கள் இன்னும் மூன்றைக் கேட்க வேண்டும். முதலாவது, அவர் எப்போது ஓய்வு பெறுகிறார்? ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிதாக ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. நாலு ஆண்டு மிச்சமிருப்பவரிடம் சேர்ந்தால் உங்கள் கடைசிக் கட்டத்தில் அவர் பணியில் இருக்க மாட்டார். அப்போது யார் இணை நெறியாளர் என்று இப்போதே பேசிவையுங்கள்.

இரண்டாவது, அவரிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பேராசிரியர் எட்டு, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதை அவரிடம் கேட்காதீர்கள், அவரிடம் முடித்தவர்களிடம் கேளுங்கள். கொடுத்த இயலை எத்தனை நாளில் திருப்பித் தருகிறார்? சொல்லாமல் கொள்ளாமல் "இன்றைக்கே வா" என்று அழைப்பாரா? கல்யாணமான, குழந்தையுள்ள மாணவர் யாராவது அவரிடம் முடித்திருக்கிறார்களா? இந்தப் பதில்கள் எந்த இணையதளத்திலும் இருக்காது.

சேர்ந்த பிறகு உங்கள் நிலையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "ஐயா, எனக்கு மூன்று வயதுப் பையன் இருக்கிறான். சனிக்கிழமை காலை வர முடியும். மாதத்துக்கு இரண்டு முறை வருகிறேன்" என்றால் போதும். மறைத்து வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் சாக்குச் சொல்வதை எந்த நெறியாளரும் விரும்புவதில்லை.

பணம் எங்கிருந்து வரும்?

முழுநேரம் என்றால் வழிகள் பல. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. இது 2023 ஜனவரி முதல் உள்ள தொகை. வீட்டு வாடகைப் படி தனி. வயது வரம்பு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. பிள்ளை வளர்ந்து பள்ளிக்குப் போன பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் பெண்கள் 35 என்ற எல்லையை மறக்க வேண்டாம்.

வயது தாண்டிவிட்டதா? அறிவியல் துறைப் பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ் பி.எச்டி. திட்டம் 27 முதல் 45 வயது வரை இடம் தருகிறது. பெற்றோருக்கு நீங்கள் ஒரே பிள்ளை, அதுவும் பெண் என்றால் யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகையைப் பாருங்கள். மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை, அரசுக் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் முழுநேரமாக ஆய்வு செய்பவர்களுக்குத் தேர்வு வைத்து மாதம் ரூ.25,000 வீதம் மூன்று ஆண்டு தருவது. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை உண்டு. விண்ணப்ப அறிவிப்பு வரும் காலத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஒரு எச்சரிக்கை. உதவித்தொகை மாதா மாதம் சம்பளம் போலக் கணக்கில் ஏறாது. சில மாதம் சேர்ந்து வரும், சில மாதம் வராது. உதவித்தொகையை நம்பி வேலையை விடுபவர்கள் ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் விட வேண்டும். பால்காரருக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் "உதவித்தொகை வரட்டும்" என்று சொல்ல முடியாது.

பகுதிநேரம் என்றால் செலவுக்கு என்ன வழி?

செலவு எவ்வளவு என்று தெரிந்தால் வழி தானாகத் தெரியும். பதிவுக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், கோர்ஸ் ஒர்க் தேர்வுக் கட்டணம், பயணம், கருத்தரங்கு, தட்டச்சு, அச்சு, பைண்டிங், கடைசியில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டணம். ஒவ்வொன்றின் எதிரிலும் உங்கள் பல்கலைக்கழகத் தொகையை எழுதிக் கூட்டுங்கள். பெரிய செலவெல்லாம் கடைசி ஆண்டில் வந்து குவிவதைப் பார்ப்பீர்கள்.

இதற்குப் பொருத்தமான பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அஞ்சலகத் தொடர் வைப்பு (மாதா மாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு, பேச்சில் ஆர்.டி.) ஐந்து ஆண்டுக்கானது. பதியும் மாதத்திலேயே ரூ.2,000 வீதம் தொடங்குங்கள். முதிரும்போது அசல் மட்டுமே ரூ.1,20,000 இருக்கும். ஆய்வேடு கொடுக்கும் நேரமும் அதை ஒட்டியே வரும். நடுவில் அவசரம் என்றால், பன்னிரண்டு தவணை கட்டிய பின் கட்டியதில் பாதி வரை கடனாகவும் எடுக்கலாம்.

கடன் வாங்கிப் படிக்கலாமா? முனைவர் பட்டம் முடித்ததும் சம்பளம் தாவி ஏறும் என்ற உறுதி இல்லாதபோது வேண்டாம் என்பதே என் கருத்து. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நகைக் கடனையும் தனிநபர் கடனையும் விட வங்கியின் கல்விக் கடனைக் கேளுங்கள். அதன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு. நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

இன்னொரு செலவையும் சொல்ல வேண்டும். வைவா (ஆய்வேட்டின் மேல் நடக்கும் பொது வாய்மொழித் தேர்வு) அன்று சால்வை, நினைவுப் பரிசு, எல்லோருக்கும் இலைச் சாப்பாடு என்று சின்னக் கல்யாணமே நடத்துவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. யு.ஜி.சி. விதியில் இப்படி ஒரு செலவே இல்லை. வடை, காபியோடு நிறுத்திக்கொண்டால் பட்டம் குறைந்துபோகாது.

காசு கேட்கும் ஆய்விதழ்களை நம்பலாமா?

நேரமில்லாதவர்களைத்தான் இவை குறிவைக்கும். "பணம் கட்டுங்கள், ஒரு வாரத்தில் கட்டுரை வெளிவரும்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் ஒதுங்குங்கள். நல்ல ஆய்விதழ் ஒரு வாரத்தில் முடிவு சொல்லாது. ஆய்வேடு தர ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற பொதுக் கட்டாயத்தை 2022 விதிகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா, எந்த இதழை ஏற்கிறது என்று எழுத்தில் தெரிந்துகொண்டு கட்டுரை அனுப்புங்கள்.

அதே போல, "ஆய்வேடு எழுதித் தருகிறோம்" என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எங்கிருந்தாவது நகலெடுத்துத் தந்தால் மாட்டுவது நீங்கள். யு.ஜி.சி. விதிப்படி பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சேர்த்த காசும் தூங்காத இரவும் ஒரே நாளில் போய்விடும்.

வீட்டில் யார் என்ன செய்வது?

"நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படி" என்று கணவரோ அம்மாவோ மாமியாரோ சொல்வார்கள். மனதாரத்தான் சொல்வார்கள். ஆனால் "பார்த்துக்கொள்கிறேன்" என்றால் என்ன என்று பிரித்துப் பேசியிருக்க மாட்டோம். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை பிள்ளைக்குச் சாப்பாடு, குளியல், அழுகை எல்லாம் அவருடைய பொறுப்பு என்று நேரமும் வேலையும் குறித்துப் பேசுங்கள். அந்த நாலு மணி நேரமும் நீங்கள் வீட்டில் இல்லாமல் நூலகத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அம்மா அடுத்த அறையில் இருப்பது தெரிந்தால் எந்தக் குழந்தையும் அப்பாவிடம் நிற்காது.

அப்பா படிக்கிற வீட்டிலும் இதே பேச்சு வேண்டும். அவர் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் தன் ஓய்வைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த மணி நேரம் அவருக்கு எந்த நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதும் தாளில் ஏற வேண்டும்.

பாட்டி, தாத்தாவை நம்பியிருப்பவர்கள் மாற்று ஏற்பாடு ஒன்றும் வைத்திருங்கள். ஐந்து ஆண்டில் அவர்களுக்கும் ஐந்து வயது கூடும். பிள்ளையைப் பார்க்க வந்தவர்களை நாம் பார்க்க வேண்டிய நாள் வரலாம்.

துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தில் எழுத முடியுமா?

என் மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது நான் பதிந்தேன். சமையல் மேடையில், மிக்ஸிக்கும் அரிசி ஊறும் பாத்திரத்துக்கும் நடுவில் லேப்டாப். நாலே முக்காலுக்கு எழுந்தால் ஆறு மணிப் பால் பாக்கெட் வரும் வரை எனக்கு. சில நாள் ஐந்து இருபதுக்கே "அம்மா" என்று குரல் வந்துவிடும். நேற்று எங்கே விட்டேன் என்று தேடுவதிலேயே இருபது நிமிடம் போய்விடும். ஒரு மாதம் முழுக்க ஒரு பக்கம்கூட ஏறவில்லை.

பிறகு ஒரு பழக்கம் வந்தது. எழுந்து போகுமுன் பழைய காலண்டர் தாளைக் கிழித்து, அடுத்த வேலையை எழுதி விசைப்பலகை மேல் வைத்துவிடுவேன். "மூன்றாம் இயல், இரண்டாவது அட்டவணை. பெண்கள் எண்ணிக்கை ஏன் குறைவு? இரண்டு வரி எழுது." அவ்வளவுதான். "மூன்றாம் இயலை முடி" என்று எழுதினால் பயன்படாது. கையைப் பிடித்து உட்கார வைக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். இருபது நிமிடம் கிடைத்தாலும் இரண்டு வரி ஏறும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரல் கமிட்டி (ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் குழு) முன் நீங்கள் பேச வேண்டும். அந்தத் தேதிகளை ஆண்டு தொடக்கத்திலேயே பிள்ளையின் பள்ளித் தேர்வு, ஆண்டு விழா தேதிகளோடு ஒரே காலண்டரில் குறியுங்கள். மோதல் இருந்தால் முன்கூட்டியே மாற்றக் கேட்கலாம். முதல் நாள் மாலை கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

நடுவில் ஊர் மாறினால்?

கல்யாணம், கணவரின் இட மாறுதல் போன்ற காரணத்தால் பெண் ஆய்வாளர் ஊர் மாற நேர்ந்தால், செய்த ஆய்வைப் புதிய ஊரின் நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள 2022 விதிகள் இடம் தருகின்றன. பழைய நிறுவனமோ நெறியாளரோ வெளி நிதி வாங்கி நடத்தும் திட்டத்தின் பகுதியாக உங்கள் ஆய்வு இருந்தால் இது பொருந்தாது. ஊர் மாறும் வாய்ப்புள்ளவர்கள் திட்ட நிதியில் சேருமுன் இதை யோசியுங்கள்.

எப்போது நிறுத்தலாம்?

இரண்டு ஆண்டு ஆகியும் கோர்ஸ் ஒர்க் முடியவில்லை, அல்லது நெறியாளரிடமிருந்து ஓராண்டாகப் பதில் இல்லை, அல்லது வீட்டில் கடன் ஏறிக்கொண்டே போகிறது என்றால் உட்கார்ந்து பேசும் நேரம் வந்துவிட்டது. நெறியாளரை மாற்றக் கேட்கலாம், தலைப்பைச் சுருக்கக் கேட்கலாம், விடுப்புக் கேட்கலாம். இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்த பிறகு நிறுத்தினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்காமலே நிறுத்தினால் பிற்பாடு மனசு அடித்துக்கொள்ளும்.

இன்றிரவு பிள்ளை தூங்கிய பிறகு நாலு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் இந்தப் பட்டம் ஏன் வேண்டும் என்ற ஒரு வரி. இரண்டாவதில் வாரத்தில் உங்களுக்கென்று உண்மையில் கிடைக்கும் மணி நேரம். மூன்றாவதில் ஐந்து ஆண்டுச் செலவும் அது வரும் வழியும். நாலாவதில் யாரிடமிருந்து என்னென்ன கடிதம் வாங்க வேண்டும் என்ற பட்டியல்.

நாலையும் வீட்டில் உள்ளவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் ஏதாவது திருத்தம் சொல்வார்கள். அதையும் எழுதிக்கொண்டு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மூன்று வாரமாகக் காத்திருக்கும் விண்ணப்பப் படிவத்தை நாளைக்கு நிரப்பலாம்.